வியாழக்கிழமைக்கு ஒரு கார்

உலகத்தில் தூங்குகிறவர்கள் உண்டு; விழித்திருக்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதற்கு எழுப்பப்பட்டவர் என்று பெயர். இவர் வருஷத்துக்கு மூன்று தடவையாவது எழுப்பப்படுவார். எழுப்பப்பட்டதும் கண்ணீர் விடுவார், நெஞ்சில் அடித்துக்கொள்வார், "இத்தனை வருஷம் தூங்கியே தொலைச்சிட்டேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார், அடுத்த எழுப்புதல் கூட்டம் எந்தத் தேதியில் என்று விசாரித்து நாள்காட்டியில் வட்டம் போடுவார். எழுந்திருக்க மட்டும் மாட்டார்.

இவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? என்னைக் கேளுங்கள். நான் சலவைக் கடை வைத்திருக்கிறேன். ஒரு சபையின் ஆவிக்குரிய நிலைமை போதகரைவிடச் சலவைக்காரனுக்கு நன்றாகத் தெரியும். எழுப்பப்பட்டவருடைய பேன்ட் முழங்காலில் தேய்ந்து பளபளக்கும். கீழே கால் மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. மண்டியிட்ட பேன்ட், ஆனால் எங்கேயும் நடந்து போகாத பேன்ட். இஸ்திரி போடுகிறவனுக்கு அதைவிடச் சுலபமான வேலை கிடையாது.

கொரியாவில், எங்கள் காங்வொன் மலைப்பக்கத்துச் சிற்றூரில் இந்த இனத்தின் தலைமகன் மூப்பர் நாம்குங். கவுண்டி அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். ஜெபமலைக்குப் போய் மூன்று நாள் உபவாசம் இருந்து, கத்திக் கத்தி ஜெபித்து, தொண்டை கட்டி இறங்கி வருவார். தொண்டை எவ்வளவு கட்டியிருக்கிறதோ அவ்வளவு கிருபை என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஒரு தடவை பத்து நாள் பேச முடியாமல் சிலேட்டில் எழுதிக் காட்டினார். சபை முழுக்கப் பொறாமையில் வெந்தது. ஒவ்வொரு கூட்டத்தின் கடைசியிலும் ஓர் அர்ப்பணிப்பு அட்டை கொடுப்பார்கள். எங்கே அனுப்பினாலும் போகிறேன் என்று போட்டிருக்கும், பக்கத்தில் கட்டங்கள். மூப்பர் மங்கோலியாவுக்கு டிக் போட்டிருக்கிறார், கம்போடியாவுக்குப் போட்டிருக்கிறார், ஆப்பிரிக்காவுக்கு மொத்தமாகப் போட்டிருக்கிறார். அட்டைகளெல்லாம் அவர் வீட்டில் கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே வைத்திருக்கும் ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கின்றன. கைப்பிடி எங்கே என்று தேடித்தான் அவர் மனைவி கிம்ச்சியை எடுக்கிறாள்.

போன செப்டம்பரில் மூப்பர் புதுக் கார் வாங்கினார். வெள்ளைக் கார். எங்கள் வழக்கப்படி போதகர் வந்து ஸ்தோத்திர ஆராதனை நடத்தினார். நாங்கள் இருபது பேர் காரைச் சுற்றி நின்று பாடினோம். போதகர் பானெட்டில் கை வைத்து, "இந்த வண்டியின் நாலு சக்கரமும் ஆண்டவருடைய வேலைக்கே ஓடட்டும்" என்று ஜெபித்தார். மூப்பர் தேம்பித் தேம்பி அழுதார். அப்புறம் ஆளுக்கொரு தட்டு அரிசிக் கேக். சீட்டுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையை அவர் கழற்றவில்லை. ஆண்டவருடைய சீட் அழுக்காகக் கூடாது அல்லவா?

அன்றைக்கு அரிசிக் கேக் சாப்பிட்டவர்களில் ஓக்பூன் அக்காவும் ஒருத்தி. சந்தையில் தோஃபு விற்றவள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு கடையை மூடிவிட்டாள். வாரம் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். செவ்வாய், சனி இரண்டு நாளும் நலத்துறை வேன் வரும். வியாழக்கிழமை அந்த வேன் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். அன்றைக்குப் பஸ்தான், வழியில் ஒரு தடவை மாறவேண்டும். பனி விழுந்தால் பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. அக்கா ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் அங்கே ஒரு மணி நேரம் குறைத்துவிடுவார்கள், மெஷினுக்கு அடுத்த ஆள் காத்திருப்பார். அப்படிக் குறைந்தால் அன்று இரவு அவளால் படுக்க முடியாது. மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே விடிய வேண்டும்.

நவம்பரில் வீட்டு ஜெபக் கூட்டத்தில் அக்கா இதைச் சொன்னாள். நாங்கள் என்ன செய்தோம்? ஜெபக் குறிப்பில் எழுதிக்கொண்டோம். மூப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அக்கா, எனக்குப் பெரிய பாரமா இருக்கு. இதை நான் ஜெபத்துல வெச்சுக்கறேன்."

"வெச்சுக்குங்க மூப்பரே. ஆனா ஜெபம் ஏழே முக்காலுக்கு பஸ் ஸ்டாப்புக்கு வராதே," என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தோம். அக்கா நல்ல தமாஷ்காரி என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். எனக்கும் பாரமாகத்தான் இருந்தது. என்னிடம் வேன் இருக்கிறது. ஆனால் அதில் இஸ்திரி போட்ட துணிகள் வரிசையாகத் தொங்கும், ஆள் ஏறினால் மடிப்புக் கலைந்துவிடும். என் மனைவி மால்சுக்கிடம் இந்தக் கஷ்டத்தைச் சொன்னேன். அவள் பாய்லரிலிருந்து தலையை எடுக்காமல், "துணிய எறக்கி வெச்சா பாரமும் எறங்கும்," என்றாள். அவள் ஆவிக்குரிய விஷயங்களில் கொஞ்சம் மந்தம். ஜெபமலைக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. விடியற்கால ஜெபத்துக்கும் வரமாட்டாள், பாய்லரைச் சூடேற்ற வேண்டுமாம்.

விடியற்கால ஜெபம் எங்கள் சபையில் ஐந்து மணிக்கு. முதலில் எல்லாருமாக மூன்று தடவை ஆண்டவரைக் கூப்பிடுவோம். அப்புறம் அவரவர் ஜெபத்தை அவரவர் உரக்கச் சொல்வோம், எண்பது பேரும் ஒரே நேரத்தில். பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்று யாருக்கும் விளங்காது. அதுதான் அதன் அழகு. போதகர் மேடையில் இருக்கும் சின்ன மணியை ஒரு தட்டுத் தட்டினால் எல்லாரும் சட்டென்று நிறுத்த வேண்டும். பழகினவர்கள் அவர் கை அசைவதை வைத்தே குரலை இறக்கிவிடுவார்கள். மணியைத் தாண்டி ஒரு வார்த்தை ஜெபித்ததில்லை என்பது மூப்பர் நாம்குங்கின் முப்பது வருஷப் பெருமை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை போதகருக்குக் கடுமையான இருமல். ஜெபம் உச்சத்தில் இருக்கும்போது தண்ணீர்க் குவளையை எடுக்கப் போனார். முழங்கை மணியில் பட்டது. எழுபத்தொன்பது பேர் பாதி வார்த்தையில் நின்றார்கள். எண்பதாவது ஆள் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் வானத்தில் இருந்தார்.

"ஒருத்தனை எழுப்பும் ஆண்டவரே! கார் வெச்சிருக்கிறவனா, வியாழக்கிழமை வேலைவெட்டி இல்லாதவனா, பின் சீட்டு காலியா இருக்கிறவனா ஒருத்தனை எழுப்பும். அவன் கல் நெஞ்சை உடையும். எங்க ஓக்பூன் அக்காவைக் கூட்டிட்டுப் போக ஒருத்தன் இந்த ஊர்ல இல்லாமலா போயிட்டான்..."

மூப்பர் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றை. மூன்று வரிசை பின்னாலிருந்து, "ஆமென்," என்றாள் ஓக்பூன் அக்கா. "மூப்பரே, உங்க கார் என்ன கலரு?"

"வெள்ளை," என்றார் மூப்பர், தொண்டைக்குள்.

"சரி. ஏழே முக்காலுக்கு பஸ் ஸ்டாப்புல நிக்கறேன். வெள்ளைக் கார்னு பாத்து ஏறிக்கறேன்."

போனாரா? போனார். அதையும் சொல்லத்தான் வேண்டும். பிளாஸ்டிக் உறையில் அக்கா ஒவ்வொரு வளைவிலும் ஒரு கதவிலிருந்து மறு கதவுக்கு வழுக்கிப் போனாளாம். ஆனால் மூப்பர் நாலு மணி நேரம் ஆஸ்பத்திரி நாற்காலியில் காத்திருந்தார், அரிசிக் கஞ்சி வாங்கிக் கொடுத்தார், திரும்பி வரும்போது நிஜமாகவே அழுதார்.

"அக்கா, நான் ஒரு மடையன். இது முப்பது நிமிஷப் பாதை. நான் மங்கோலியாவுக்கு டிக் போட்டுட்டிருந்தேன்."

"அடுத்த வியாழனும் வருவீங்களா?"

"செத்தாதான் வரமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொன்னார். எவ்வளவு நேரம்? நாற்பது நிமிஷம். ஆஸ்பத்திரிப் பாதை முப்பதுதான். என்ன சாட்சி தெரியுமா அது! மணி வந்தது, பனி வந்தது, கஞ்சி வந்தது, "நான் தூங்கிக்கொண்டிருந்தேன்" ஏழு தடவை வந்தது. சபையே உருகி ஓடியது. நான் இரண்டு கைக்குட்டை நனைத்தேன். விஷயம் பக்கத்து ஊருக்குப் பரவ, அங்கே ஒரு பெரிய சபையிலிருந்து அழைப்பு வந்தது: மூப்பர் நாம்குங் வந்து எங்களையும் எழுப்ப வேண்டும், விசேஷக் கூட்டம், காலை எட்டரை மணி.

என்ன கிழமை என்று நீங்கள் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மூப்பர் போனில் அக்காவிடம் சொன்னாராம்: "இந்த ஒரு வியாழன் மட்டும் பொறுத்துக்குங்க. உங்களைக் கூட்டிட்டுப் போனதைப் பத்திப் பேசத்தான் போறேன். ஆண்டவர் வேற ஒருத்தரை எழுப்புவார். நான் ஜெபத்துல வெச்சுக்கறேன்."

அந்த வியாழக்கிழமை சபையில் பாதி பேர் கூட்டத்துக்குக் கிளம்பினோம். சபை வண்டியில் இடம் போதவில்லை. நான் சும்மா இருப்பேனா? துணிகளையெல்லாம் இறக்கி வைத்து, என் வேனில் பாடகர் குழுவிலிருந்து ஆறு பேரை ஏற்றிக்கொண்டேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே பாட்டு, கைதட்டல், ஆனந்தம். பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது பார்த்தால், துணிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓக்பூன் அக்கா நிற்கிறாள். கையைத் தூக்கினாள்.

"அக்கா டாட்டா காட்டறாங்க பாருங்க," என்றாள் ஒருத்தி.

நாங்கள் ஆறு பேரும், இல்லை, என்னையும் சேர்த்து ஏழு பேரும், கண்ணாடி வழியாகக் கைகளை ஆட்டினோம். நான் ஹாரன்கூட அடித்தேன். "பாவம், இவ்ளோ நல்ல கூட்டத்துக்கு அக்காவால வரமுடியலையே," என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் அவளுக்காக அங்கேயே ஜெபித்தோம். நான் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்தேன், வண்டி ஓட்டினேன் அல்லவா.

மறுநாள் அக்கா என் கடைக்கு வந்தாள். கால் வீங்கி, வெளியூரில் இருக்கும் மகனுடைய பெரிய ரப்பர் செருப்பைப் போட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உட்காரச் சொன்னேன்.

"ராத்திரி முழுக்க உக்காந்துதான் இருந்தேன் தம்பி. உன் வேன்ல எத்தனை பேர் உக்காரலாம்?"

"அது துணி ஏத்தற வண்டி அக்கா. மடிப்பு..."

"நேத்து ஆறு பேர் இருந்தாங்க. எண்ணினேன்."

மால்சுக் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை வெட்கமாகிவிட்டது. அங்கேயே, கடையிலேயே, நான் எழுப்பப்பட்டேன். "அடுத்த வியாழக்கிழமை கண்டிப்பா நான்தான் அக்கா," என்றேன். என் குரல் தழுதழுத்தது, தொண்டைகூட லேசாகக் கட்டிக்கொண்டது.

இப்போது உங்களுக்கு ஒரு வார்த்தை. இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, யாரை நினைத்துச் சிரித்தீர்கள்? உங்கள் சபை மூப்பரையா? மாடி வீட்டுக்காரரையா? மச்சானையா? நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். எதற்கும் இன்று உங்கள் பேன்ட்டின் கால் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். சேறு இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இதை எனக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. இப்படிப்பட்டவர்களை எழுதித்தான் எழுப்ப வேண்டும் என்று ஒரே பாரம். இன்று விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். நன்றாகத்தான் வருகிறது, இல்லையா? முடிவு மட்டும் சரியாக அமையவில்லை, இரண்டு தடவை அடித்து எழுதிவிட்டேன். வெளியே வேனிலிருந்து துணிகளை இறக்குகிற சத்தம் கேட்கிறது. கதவு சாத்தப்படுகிறது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு முப்பத்தைந்து. மால்சுக் வண்டியை எடுக்கிறாள், பாய்லரை அணைத்துவிட்டுத்தான் போகிறாள். வியாழக்கிழமை. நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.