எதிர்க்கடையில் வெட்டிய முடி

அன்புள்ள கொழுந்தனார் தம்பிக்கு அண்ணி எழுதுவது. இங்கே நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் இந்தக் கடிதமே பொய்யைப் பற்றியதுதான் என்பதால் முதலில் அதையே எழுதி வைக்கிறேன்: நான் நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நிஜமாகவே நலமாக இருக்க வேண்டும். நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவள். முற்றுப்புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூச்சு வாங்குகிற இடத்தில் வைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் போன பிறகு நீங்கள் இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. நேற்று தங்கச்சிதான் எடுத்தாள். "அக்கா, அவரு சரியாவே சாப்பிட மாட்டேங்கிறாரு. 'சாகப்போற மனுசனை ஏமாத்திட்டேன், அண்ணி மூஞ்சில எப்படி முழிப்பேன்'னு சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றாள். நீங்கள் எந்த மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்கிறீர்களோ அந்த மூஞ்சிதான் இதை எழுதுகிறது. திட்டுவதற்கு இல்லை, நன்றி சொல்ல.

நடந்தது உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அழுகிற ஆளுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும், அதனால் மீதியை நான் சொல்கிறேன். உங்கள் அண்ணன் படுக்கையில் விழுந்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சலூனை மூடக் கூடாது. லிப்ட் ரிப்பேர் பார்க்கிற நீங்கள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்து, "நான் பாத்துக்கறேண்ணே, சின்ன வயசுல உன்கூட நின்னு பழகினவன்தானே" என்றீர்கள். முதலில் வந்து மாட்டியவர் வங்கிக் காவலாளி. அதற்குப் பிறகு அவர் தொப்பியைக் கழற்றவே இல்லை, தூங்கும்போதும் தொப்பியோடுதான் தூங்குகிறார் என்று அவர் சம்சாரம் என்னிடம் வந்து சண்டை பிடித்தாள். அத்தோடு நீங்கள் கத்திரியைக் கீழே வைத்தீர்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாளெல்லாம் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் சட்டையில் கொஞ்சம் முடியைத் தூவிக்கொண்டு வந்து, "இன்னிக்கு நல்ல கூட்டம்ணே" என்பீர்கள். அந்த முடி எங்கே கிடைத்தது என்று நான் இன்று வரை கேட்கவில்லை, இனிமேலும் கேட்க மாட்டேன்.

அவர் அதோடு விட்டாரா? "வெட்டிக்கிட்டவங்கள வரச்சொல்லுடா, தலையப் பாக்கணும்" என்றார். உடனே நீங்கள் வாடிக்கைக்காரர்களை எல்லாம் எதிர்க்கடைக்கு அனுப்பி, அங்கே வெட்டிக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்து காட்டச் சொன்னீர்கள். எதிர்க்கடைக்காரர் நம் கடைக்கு நேர் எதிரே கண்ணாடி மாட்டிச் சலூன் திறந்த நாளிலிருந்து உங்கள் அண்ணனுக்கும் அவருக்கும் பேச்சே கிடையாது, 'அந்த இடதுகைக்காரன்' என்பதோடு சரி. அந்த இடதுகைக்காரர் வெட்டிய தலைகள் வரிசையாக வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் முதுகு காட்டி உட்கார்ந்தன. இவர் பிடரியைத் தடவித் தடவிப் பார்ப்பார். ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தார். கொஞ்ச நாளில், "பரவால்லயே, தம்பிக்குக் கை படிஞ்சிருச்சு" என்றார். அன்றைக்கு நாம் ரெண்டு பேரும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், சிரித்து முடித்ததும் நீங்கள் குழாயைத் திறந்துவிட்டு அழுதீர்கள். வரிசையைப் பார்த்து ஆசைப்பட்டு வழுக்கைத் தபால்காரரும் வந்து உட்கார்ந்தாரே, அவர் மண்டையில் உங்கள் அண்ணன் கையை வைத்து, "இதுல ஒரு குறை சொல்ல முடியாது" என்றாரே! அவர் அப்படிப் பேசிக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது எனக்கு. ஆள் வருகிற நேரம் ஆனால் தானே தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, "சீப்பைக் கொண்டு வாடி" என்பார். வலியில் துடிக்கிற மனுசன் தலை வாரிக்கொள்வதைப் பார்க்கிற பாக்கியம் உங்களால்தான் எனக்குக் கிடைத்தது.

பொய் சொல்லலாமா என்றால் எனக்கும் பதில் தெரியாது தம்பி. பெரிய டாக்டர் என்னிடம் சொன்னதும் பொய்தான். "இன்னும் ரெண்டு வருசம் ஓடும்மா, பயப்படாதீங்க" என்றார். அதை நம்பி, உங்கள் அண்ணனிடம் கேட்க வேண்டியதை எல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். இப்போது யாரிடம் கேட்பது? அந்தப் பொய்யை நான் மன்னிக்கவில்லை. நான் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் டாக்டர் தனக்காகச் சொல்லிக்கொண்டது அது. உங்கள் பொய்யில் உங்களுக்கு என்ன கிடைத்தது? லீவு தீர்ந்தது, காவலாளி பகை வந்தது. எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான்.

கடைசி மத்தியானம் அவர் கண்ணைத் திறந்து, "கடைல கூட்டமாடா?" என்றார். நீங்கள், "உக்கார நேரமில்லண்ணே" என்றீர்கள். "அப்ப இங்கயாவது உக்காரு, நின்னு நின்னு கால் வலிக்கும்" என்றார். அப்புறம் பேசவில்லை. ஆகவே தம்பி, உங்கள் அண்ணன் நம்பித்தான் போனார். கடை நடக்கிறது என்கிற நிம்மதியில் போனார். அந்த நிம்மதி நீங்கள் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உங்கள் தட்டைக் கழுவி வைத்திருப்பேன்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், உங்களுக்கு அண்ணியின் ஆசிகள், அண்ணனுடையதையும் சேர்த்து.

பின்குறிப்பு: கடிதத்தை உறைக்குள் போட்டு ஒட்டப்போன நேரத்தில் எதிர்க்கடைக்காரர் வந்தார். தம்பிக்கு இப்படி மனசு சரியில்லை என்று சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார், பிறகு சொன்னார். முதல் தலையைத் தடவியதுமே உங்கள் அண்ணன் அவருக்குப் போன் போட்டிருக்கிறார். நான் குளிக்கப்போன நேரமாக இருக்கும். இத்தனை வருசத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு: "யோவ், இது உன் இடதுகை வேலைன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன். என் தம்பி வலதுகைக்காரன்யா, பாவம், மாட்டிக்குவான். பிடரில கொஞ்சம் வலதுகை மாதிரி வெட்டி அனுப்பு." அவரும் பாவம், பழகாத கையால் கஷ்டப்பட்டு வெட்டியிருக்கிறார். கை படிஞ்சிருச்சு என்றது அவரைத்தான். நாற்காலியில் உட்கார்ந்தே தேய்ந்த உங்களிடம் போய், நின்னு நின்னு கால் வலிக்கும் என்று சொன்னபோது உங்கள் அண்ணன் உதடு கோணியது. வலி என்று நினைத்து நான் முதுகைத் தடவினேன். அது சிரிப்பு தம்பி.

அதனால் மேலே, நம்பித்தான் போனார் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். ஏமாந்தது நாம் ரெண்டு பேரும்தான், மன்னிப்புக் கேட்க வேண்டியவர் கேட்காமலே போய்விட்டார். இதை உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று எதிர்க்கடைக்காரருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவரும் வருவார். ஒன்றும் தெரியாதது மாதிரியே இருங்கள், அதை உங்களுக்கு நான் சொல்லித்தரவா வேண்டும்.