அண்ணன் சிரிலுக்கு எத்தனை சர்க்கரை?

இந்த வியாழக்கிழமை எட்டரை மணிக்கு நான் டி.வி. பார்த்தே தீருவேன். பிரதம மந்திரியே வந்து காலில் விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை சவரக் கண்ணாடி முன்னால் நின்று இப்படி ஒரு சபதம் எடுத்தேன். உரக்கச் சொல்லவில்லை. கீழே டோரீன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

டி.வி. பார்க்க ஒரு சபதமா என்று சிரிக்காதீர்கள். நான் சொல்வது 'ஒட்டகத்துக்கு ஒரு தொப்பி' என்ற நிகழ்ச்சியை. அதில் ஒட்டகமும் வராது, தொப்பியும் வராது. ஒருத்தன் தபால் ஆபீசுக்குப் பீரோவைச் சுமந்துகொண்டு வருவான். "இதை அத்தைக்கு அனுப்பணும்" என்பான். குமாஸ்தா முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. "கவரா, கார்டா?" என்று கேட்பார். பீரோ திறக்கும். உள்ளே பன்னிரண்டு பாதிரியார்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து வானிலை அறிக்கையைப் பாட்டாகப் பாடுவார்கள். இது எங்கே போய் முடியப் போகிறதோ என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது, ஏணியோடு ஒருத்தன் குறுக்கே போவான். அதோடு சரி. முடிவு என்று எதுவும் கிடையாது. அடுத்த கூத்து ஆரம்பித்துவிடும்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் என்னோடு ஒரு நாள் ஆபீசுக்கு வரட்டும். ஹெப்பிள்டன் பஸ் டிப்போவில் தொலைந்த சாமான் பிரிவு எனக்கு. பஸ்ஸில் பல்செட்டை விட்டுவிட்டு ஒருவர் வருவார். "அடையாளம் சொல்லுங்க சார்" என்று நான் கேட்கவேண்டும். பல்லே இல்லாமல் அவர் சொல்லவேண்டும். இரண்டு பேரும் சிரிக்கக் கூடாது. சூப்பரிண்டெண்டண்ட் என்ட்விசில் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டே இருப்பார். இருபத்திரண்டு வருஷமாக நான் சிரிக்காமல் சம்பளம் வாங்குகிறேன். டி.வி.யில் வருகிறவர்களும் அதே கோட்டு, அதே டை, அதே "மன்னிக்கணும் சார்". ஆனால் தலையில் ஒரு வாத்து. அதைப் பார்த்தால் எனக்கு உள்ளே ஒரு கட்டு அவிழ்கிறது. வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் நான் விடுதலையான மனுஷன்.

போன வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. டோரீனும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். அவள் பின்னல் ஊசியும் கையுமாகக் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பாள். பாவம், புரியவில்லை போலிருக்கிறது என்று நான்தான் ஒவ்வொரு இடமாக நிதானமாக விளக்குவேன். புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொல்வதுதானே முறை.

இந்த வருஷம் வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். அதே வாரம் டோரீனுக்கு சர்ச் ஞாபகம் வந்தது. மண்டியிட்டு ஜெபிக்கிறவர்கள் முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்ளும் சின்ன மெத்தை இருக்கிறதே, அதைத் தைக்க ஒரு பெண்கள் கிளப். வியாழக்கிழமை தோறும், எங்கள் கூடத்தில், எட்டு முதல் ஒன்பது வரை. ஆண்களுக்கு அனுமதி இல்லை. டி.வி. மேல் லேஸ் துணி போர்த்தி, அதன் மேல் டீக் கெட்டிலை வைத்துவிடுவாள். நான் மழையில் நனைந்துகொண்டு பக்கத்து வீட்டு பாரக்ளஃபின் அறை அளவு பெரிய புறாக் கூண்டில் போய் உட்காரவேண்டும். மெத்தப் படித்தவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். மெத்தை தைப்பவர்களிடம் வாய் கொடுக்க முடியாது.

பதின்மூன்று வாரத் தொடர். ஆறு வாரம் போய்விட்டது. போனால் போனதுதான், திருப்பிப் போடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் டிப்போவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. நானும் சேர்ந்து சிரிக்கிறேன், எதற்கென்று தெரியாமல். அதைவிடக் கேவலம் உண்டா?

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சமாதானமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"டோரீன், இந்த வியாழன் கிளப்பை வேற யார் வீட்லயாவது வெச்சுக்கக் கூடாதா?"

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மாவுக்கெல்லாம் சர்ச் நிக்காது நார்மன். உருளைக்கிழங்கு போதுமா?"

"ஒரே ஒரு மெத்தை. ஆறு வாரமாத் தைக்கறீங்க. அதுல இருக்கற ஆட்டுக்குட்டிக்கு இன்னும் மூணு காலுதான்."

"நாலாவது கால் கஷ்டமான கால். அது இருக்கட்டும், கூரைல ஏரியல் விழுந்து எத்தனை மாசமாச்சு?"

நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன். ஜனவரிக் காற்றில் விழுந்தது. நானே ஏறிச் சரிபண்ணுகிறேன் என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது. எங்கள் ஊர் இரண்டு மலைக்கு நடுவில் கிடப்பதால், வீட்டுக்குள் வைக்கிற முயல்காது ஏரியலை ஒருத்தர் தூக்கிப் பிடித்தால்தான் படம் வரும். கையை எடுத்தால் திரையில் பனிதான் கொட்டும்.

சமாதானம் தோற்ற பிறகு போர்தான். புறாக் கூண்டில் பாரக்ளஃபிடம் திட்டத்தைச் சொன்னேன். அவரிடம் டி.வி. கிடையாது. டி.வி. வந்தால் புறா முட்டை போடாது என்பது அவர் கொள்கை.

"அந்த நிகழ்ச்சில வர்றவன் மாதிரியே நடந்துக்கப் போறேன். கோட்டு, டை, முகத்துல சிரிப்பே கிடையாது, பேசறது பூரா பைத்தியக்காரத்தனம். பொம்பளைங்க அலறி ஓடிருவாங்க. அப்புறம் இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டாங்க."

"பைத்தியமா நடிக்கணுமா?"

"ஆமா."

"உனக்கு எதுக்கு நடிப்பு?" என்றார் பாரக்ளஃப். புறாவைத் தடவிக்கொண்டே சொன்னதால் அதை என்னிடம் சொன்னாரா, புறாவிடம் சொன்னாரா என்று நான் ஆராயவில்லை.

ஆபீசில் மூன்று வருஷமாக யாரும் கேட்டு வராத சாமான்கள் ஒரு அலமாரி நிறைய உண்டு. நீச்சல்காரர்கள் காலில் மாட்டுகிற ரப்பர் துடுப்பு ஒரு ஜோடி எடுத்தேன். பாடம் பண்ணிப் பலகையில் அடித்த ஆற்று மீன் ஒன்று, என் கை நீளம், வாயைப் பிளந்துகொண்டு. அதையும் எடுத்தேன். சாக்கில் போட்டு டிப்போ பஸ்ஸிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்த விஷயத்தை நான் அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

வியாழன் வந்தது. எட்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. டோரீன் அடுப்படியில் இருந்தாள். நான் கோட்டு, டை, காலில் துடுப்பு, தலையில் மேஜை விளக்கின் குஞ்சம் வைத்த மூடியோடு போய்க் கதவைத் திறந்தேன்.

வாசலில் மிஸஸ் கிராப்ட்ரீ. சர்ச்சின் பூ அலங்காரம், கேக் விற்பனை, பிறர் ஒழுக்கம் மூன்றுக்கும் பொறுப்பாளர். பின்னால் மிஸ் ஃபாதர்கில். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

"வாங்க," என்றேன் என்ட்விசில் குரலில். "கார்ப்பெட்ல இன்னிக்கு அலை ஏறியிருக்கு. பாத்து இறங்குங்க. முழங்கால் வரைக்கும் வரும்."

மிஸஸ் கிராப்ட்ரீ குனிந்து பார்த்தார்.

"நல்லவேளை, மழை பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்தேன்," என்றார். பாவாடையை இரண்டு அங்குலம் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடப்பது போல் உள்ளே போனார். மிஸ் ஃபாதர்கில்லும் அப்படியே.

டோரீன் டீத் தட்டோடு வந்தாள். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"நார்மன், கதவைச் சாத்து. அலை ரோட்டுக்குப் போயிரும்."

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் தட்டியது. ஆனால் துடுப்புப் போட்ட காலைப் பின்வாங்குவது சுலபமில்லை. மீனை எடுத்து வந்து என் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தேன்.

"இவர் எங்க அண்ணன் சிரில். கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்துலேருந்து வந்திருக்கார். பல் டாக்டரைப் பாக்கணுமாம்."

மிஸ் ஃபாதர்கில் மீனின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "கடைவாய்ப் பல்தான். ராத்திரில கிராம்பு வெச்சுக்கச் சொல்லுங்க."

"ஜாடை அப்படியே இருக்கு," என்றார் மிஸஸ் கிராப்ட்ரீ. "ஆனா தம்பியைவிட அண்ணன்தான் கொஞ்சம் சிவப்பு."

டோரீன் கோப்பையை நீட்டினாள். "அண்ணனுக்கு எத்தனை சர்க்கரை நார்மன்? எனக்கு மறந்தே போச்சு."

எனக்கு வியர்த்துவிட்டது. விளக்கு மூடிக்குள் காற்றும் இல்லை. மணி எட்டு இருபது. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். அறை நடுவில் விறைப்பாக நின்று, வாயை அகலத் திறந்தேன்.

"நான் ஒரு தபால் பெட்டி. இந்தத் தெருவுக்கு என்னை நியமிச்சிருக்காங்க."

இதற்கு மேல் எந்த மனுஷி உட்கார்ந்திருப்பாள்? மிஸ் ஃபாதர்கில் எழுந்தார். ஜெயித்தேன் என்று நினைத்தேன். அவர் கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"நல்லதாப் போச்சு. ஸ்கார்பரோல இருக்கற தங்கச்சிக்கு. காலைலேருந்து சுமந்துக்கிட்டிருக்கேன்," என்று சொல்லி, அதை என் வாயில் போட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளை வாயில் தபாலாவது போடாமல் விட்டார்கள்.

"வாயை அடைச்சாச்சு," என்றாள் டோரீன். "மணி எட்டு இருபத்தஞ்சு. ஆரம்பிக்கலாமா?"

அவ்வளவுதான். மூன்று பேரும் ஊசியைப் பையில் போட்டார்கள். மூன்று கால் ஆட்டுக்குட்டி அலமாரிக்கு அடியில் போனது. கெட்டில் இறங்கியது, லேஸ் துணி பறந்தது. மூன்று நாற்காலிகளும் ஒரே சமயத்தில் டி.வி. பக்கம் திரும்பின. ஆறு வாரம் பழகிய கைகள்.

நான் கடிதத்தை வாயிலிருந்து எடுத்தேன். "நீங்க இதைப் பாப்பீங்களா?"

"பின்ன எதுக்கு வர்றோம்?" என்றார் மிஸஸ் கிராப்ட்ரீ.

"அப்ப மெத்தை?"

"அதான் மூணு கால்லயே நிக்குதே," என்றாள் டோரீன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல? உனக்கு இது பிடிக்காதுன்னுல்ல நெனச்சேன்."

டோரீன் என் பக்கம் திரும்பினாள். "போன வருஷம் பதிமூணு ஞாயித்துக்கிழமை. ஒரு சிரிப்பு சிரிக்க விட்டியா நீ? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, 'இப்பப் பாரு, இதான் தமாஷு'ம்ப. பீரோ வந்துச்சே, அப்ப என்ன சொன்ன?"

எனக்கு ஞாபகம் இருந்தது.

"'இந்தப் பீரோ நம்ம சமுதாயம்'னு சொன்னீங்களாம்," என்றார் மிஸ் ஃபாதர்கில், ஏதோ துக்கம் விசாரிக்கிற குரலில்.

"நானும்தான் தொப்பிக் கடைல வேலை பாக்கறேன் நார்மன்," என்றாள் டோரீன். "வர்றவங்க தலைல எது உக்காந்தாலும் 'உங்களுக்கு எடுப்பா இருக்கு மேடம்'னு பதினெட்டு வருஷமாச் சிரிக்காமச் சொல்றேன். எனக்கும் வாரத்துல அரை மணி நேரம் வேணும். விளக்கம் இல்லாம."

குத்தியது. ஆனால் சபதம் சபதம்தான். விளக்கு மூடியைக் கழற்றிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினேன். "இது என் வீடு. நான் இங்கதான் உக்காருவேன். இங்கதான் பாப்பேன். யாரும் என்னை எழுப்ப முடியாது."

"தாராளமா," என்றாள் டோரீன். "எங்க உக்காருவ?"

என் நாற்காலியில் சிரில் இருந்தார்.

"உடம்புக்கு முடியாதவரை எழுப்பறது மரியாதை இல்ல," என்றார் மிஸஸ் கிராப்ட்ரீ.

அதற்குள் டி.வி. சூடேறிவிட்டது. திரை முழுக்கப் பனி. பனிக்குள் யாரோ ஒட்டகத்தைப் பற்றிப் பாடுவது கேட்டது. மூன்று பெண்களும் முயல்காது ஏரியலைப் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இத்தனை நாள் ஆளுக்குப் பத்து நிமிஷம் பிடிச்சோம்," என்றார் மிஸஸ் கிராப்ட்ரீ. "பத்து நிமிஷம் போயிருதே, வயிறு எரியும்."

"இவர் கால்ல ரப்பர் வேற போட்டிருக்கார்," என்றார் மிஸ் ஃபாதர்கில். "விஞ்ஞானப்படி இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது."

"நான் மாட்டேன்," என்றேன்.

"கூரைல இருக்கவேண்டியது ஏன் வீட்டுக்குள்ள இருக்கு நார்மன்?" என்று டோரீன் மெல்லக் கேட்டாள்.

டி.வி.க்குப் பின்னால், ஜன்னலை ஒட்டி, ஏரியலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்றேன். "இன்னும் கொஞ்சம் எடது பக்கம். அங்கயே நில்லு. தபால் பெட்டி நடக்காது," என்றாள் டோரீன். கடிதம் மறுபடி வாய்க்குப் போனது. இடையில் விளக்கம் வந்துவிடக் கூடாதாம்.

அரை மணி நேரம் எனக்குத் தெரிந்தது டி.வி.யின் முதுகும் அதற்கு அப்பால் மூன்று பெண்களும் ஒரு மீனும். உள்ளே ஏதோ கல்யாணம் நடந்தது. பாதிரியார் யாரையோ பார்த்து, "இந்த எடை மிஷினை மனைவியா ஏத்துக்கறியா?" என்று கேட்டார். பிறகு நிசப்தம். நீளமான நிசப்தம். திடீரென்று தொப்பென்று எதுவோ விழுந்தது. வாத்துகள் கத்தின. மிஸஸ் கிராப்ட்ரீ கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். மிஸ் ஃபாதர்கில் நாற்காலிக் கையை அடித்தார். டோரீன் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, மூச்சுக்குத் திணறி, மறுபடி சிரித்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது. அழகாக இருந்தாள். கோபத்திலும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பது மணிக்கு எல்லாரும் அலை வடிந்துவிட்டதா என்று பார்த்து, பத்திரமாகக் கிளம்பிப் போனார்கள். மிஸ் ஃபாதர்கில் கடிதத்தை நல்ல பெட்டியில் போட்டுவிடும்படி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வியாழன் ஏழரைக்கே வந்து ஏரியலைப் பிடித்துப் பழகவேண்டும் என்று எனக்கு உத்தரவு. இன்னும் ஆறு வாரம் இருக்கிறதே.

நான் கையை இறக்க முயன்றேன். இறங்கவில்லை. ஆனாலும் ஒன்று தெரிந்தாகவேண்டும். தெரியாமல் நாளைக் காலை டிப்போவுக்கு எப்படிப் போவேன்?

"டோரீன், அந்த நிசப்தத்துக்கு அப்புறம் தொப்புனு விழுந்துச்சே, அது என்ன? கொஞ்சம் விளக்கிச் சொல்லேன்."

டோரீன் என் நாற்காலி அருகிலிருந்த, யாரும் தொடாத டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள்.

"உங்க அண்ணனைக் கேளு. ஒரு வார்த்தை பேசாம முழுசும் பாத்தது அவர்தான்."