வளைவுச்சாமியும் வாழைநாரும்

ஆனையூரில் மழை பெய்துதான் வெகுநாளாயிற்று. அருள் மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பஸ் ஸ்டாப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ்: ‘குனிய முடியவில்லையா? குந்த முடியவில்லையா? உடற்பயிற்சி வேண்டாம்! வளைவுக் கயிறு போதும்! ஸ்ரீலஸ்ரீ வளைவானந்தர் அருளும் ஆன்மிக பிலாட்டீஸ்!’

ஷேர் ஆட்டோக்காரர்கள் ஊர்ப் பெயரையே மறந்து ‘வளைவுச்சாமி, வளைவுச்சாமி’ என்று கூவினார்கள். வந்து இறங்கிய பெண்கள் எல்லாம் அறுபதை ஒட்டியவர்கள். ஏறும்போது முனகியவர்கள் இறங்கும்போதும் முனகினார்கள். முகத்தில் மட்டும் நம்பிக்கை பளபளத்தது.

அந்தக் கூட்டத்தில் ரெங்கம்மாளும் இருந்தாள். அவளுடைய கவலையே வேறு. சொந்த ஊரான எழுமலையில் முளைப்பாரித் திருவிழா வரும்போதெல்லாம் கும்மிக்குப் பாட்டெடுத்து, குனிந்து முதல் கை தட்டுகிறவள் அவள்தான். போன வருடம் குனிந்தவள் பாதியில் அப்படியே நின்றுவிட்டாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. பாட்டு அந்தரத்தில் தொங்கியது. நாத்தனார் ஒச்சாயி பாய்ந்து வந்து அந்தப் பாட்டைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

“மதினி, அடுத்த வருசம் நீங்க சேர் போட்டு உக்காந்து பாருங்க” என்று வேறு சொல்லிவிட்டாள். அந்தப் பிளாஸ்டிக் சேர் ரெங்கம்மாளின் கனவிலெல்லாம் வந்தது.

அதற்காகத்தான் மெடிக்கல் ஷாப் மாடியில் சத்யப்ரியா நடத்தும் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். பாயில் படுத்து, வயிற்றை உள்ளிழுத்து, மூச்சை விட்டபடி மெல்ல எழ வேண்டும். சத்யப்ரியா யாரையும் அவசரப்படுத்தமாட்டாள். அற்புதமும் செய்யமாட்டாள். “ஆறு மாசம் விடாம வாங்கம்மா, இடுப்பு தன்னால இளகும்” என்பாள்.

ஆறு மாதமா! சாமி ஆறே நிமிடத்தில் தருகிறாராமே! ரெங்கம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாமி போன வருடம் வரை டாட்டா ஏஸில் மெத்தை விற்றவர். முதுகுக்கு நல்லது, முதுகுக்கு நல்லது என்று மைக்கில் கூவிக் கூவியே முதுகு நிபுணரானவர். பிலாட்டீஸ் வெள்ளைக்காரன் சரக்கு இல்லையாம். பிலாத்தீசர் என்ற சித்தர், நாகமலைக் குகையில் ஒரு பாம்பிடம் கற்றுக்கொண்டதாம். அதை எழுதி வைத்த ஓலைச்சுவடி எங்கே? எலி தின்றுவிட்டது. அந்த எலியாவது வளைந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அற்புதம் நடக்கும் விதம் இதுதான். சாமியின் மண்டபத்து மேடையில் நின்று குனிய வேண்டும். பக்கத்தில் நட்டிருக்கும் மரச்சட்டத்தில், விரல் எட்டிய இடத்தில் சிஷ்யன் சுருளி சுண்ணாம்புக் கோடு போடுவான். பிறகு மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. “கைய வீசு தாயீ! மூச்ச இழு! விடு! இன்னும் விடு! குனி!” விரல் கோட்டைத் தாண்டிக் கீழே போகும். மண்டபமே குலவை போடும்.

“தங்கம் அருளைத் தடுக்குது. வளையலைக் கழட்டி உண்டியல்ல போடு தாயீ” என்பார் சாமி. பித்தளையும் பிளாஸ்டிக்கும் அருளைத் தடுப்பதில்லை. தங்கத்தோடு மட்டும்தான் அருளுக்குப் பகை. அதுவும் உண்டியலுக்குள் விழுந்ததும் சமாதானமாகிவிடும்.

ரெங்கம்மாள் வளையலைப் போட்டாள், கயிற்றைக் கட்டினாள், வீட்டில் சீரியல் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் கொஞ்சம் இளகியிருந்த இடுப்பு மறுபடி பலகையானது. திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

“சாமி, கயிறு கட்டியும் குனிய முடியலையே!”

“ஒன்னையப் பாத்துப் பொறாமப்படுற ஆளு யாராச்சும் இருக்காகளா?”

ரெங்கம்மாள் யோசிக்கவே இல்லை. “நாத்துனா இருக்கா சாமி.”

“கூட்டிட்டு வா. அவளுக்கும் ஒண்ணு கட்டிருவோம்.”

“கட்டுனா அவளும் குனிஞ்சிருவாளே!”

“குனிவா. ஒன்னையப் பாத்துத்தான் குனிவா.”

அடுத்த வெள்ளிக்கிழமை எழுமலையிலிருந்து ஒச்சாயி வந்து சேர்ந்தாள். மேடையேறிக் குனிந்தாள். சுருளி கோடு போட்டான். கயிற்றுத் தட்டை நீட்டினான்.

“எங்கிட்டயே இருக்குண்ணே” என்று இடுப்பிலிருந்து ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்துத் தானே கட்டிக்கொண்டாள். பழைய பக்தை என்று நினைத்துச் சாமி பூரித்துப் போனார். கையை வீசினாள், மூச்சை விட்டாள், குனிந்தாள். விரல் கோட்டைத் தாண்டியது. குலவை கூரையைப் பிளந்தது.

“பாத்தீகளா பிலாத்தீசர் மகிமைய!” என்றார் சாமி.

ஒச்சாயி கயிற்றைக் கழற்றி உயர்த்திக் காட்டினாள். “இது மல்லியப்பூ கட்டுன வாழைநாரு. குங்குமத்துல தோச்சுட்டு வந்தேன். வளையலக் கழட்ட நான் என்ன மதினியா?”

சாமி அசரவில்லை. “பூவுலயும் தெய்வம் இருக்கு தாயீ!”

ரெங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. நாத்தனார் குத்தியது ஒரு பக்கம். மண்டைக்குள் ஏதோ உறுத்தியது இன்னொரு பக்கம். மேடை ஏறினாள். தன் கயிற்றைக் கழற்றி வீசினாள். குனிந்தாள். “சுருளி, கோடு போடுப்பா.” போட்டான். கையை வீசினாள், மூச்சை விட்டாள், மறுபடி குனிந்தாள். கோட்டைத் தாண்டியது! மூன்றாம் முறை இன்னும் கீழே போனது.

“அடியே! மொதத் தடவ இடுப்பு தூங்குது. ரெண்டாந்தடவ முழிச்சுக்கிருது. அம்புட்டுத்தான்! எல்லாரும் கயித்தக் கழட்டிட்டுக் குனிஞ்சு பாருங்கடி!”

மண்டபம் முழுக்க முதுகுகள் தாழ்ந்தன, நிமிர்ந்தன, இன்னும் தாழ்ந்தன. பிறகு எல்லாக் கண்களும் உண்டியல் பக்கம் திரும்பின. சுருளியைக் காணோம். பதற்றத்தில் சாமியின் கையிலிருந்த உண்டியல் சாவி தரையில் விழுந்தது.

“எடுங்க சாமி” என்றாள் ரெங்கம்மாள்.

“சுருளி… டேய் சுருளி!”

“நீங்களே குனிஞ்சு எடுங்க. கயிறு வேணும்னா கட்டி விடுறேன்.”

சாமி குனிந்தார். ‘மளுக்’ என்று ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டார். காவித் துண்டு நழுவியது. உள்ளே முதுகு வலிக்குப் போடும் பெல்ட்!

பெண்கள் சாவியை எடுத்து உண்டியலைத் திறந்து வளையலை மீட்ட கையோடு சாமியை நடுவில் வைத்துக் கும்மி கொட்டினார்கள். முளைப்பாரிகூட அவ்வளவு அசையாமல் இருந்ததில்லை. யாரோ சத்யப்ரியாவை அழைத்து வந்தார்கள். அவள் சாமியை மெல்ல ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, நிதானமாகச் சொன்னாள்: “ஆறு மாசம் விடாம வாங்க சாமி.”

ரெங்கம்மாள் மறுநாளே பாயை விரித்தாள். திருவிழாவில் அவள்தான் பாட்டெடுத்தாள். தரையைத் தொடவில்லை, முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் குனிந்தாள், நிமிர்ந்தாள், பாட்டு அறுபடவில்லை. பாட்டைப் பிடிக்க வாயைத் திறந்து காத்திருந்த ஒச்சாயிக்கு வேலையே இல்லை. அந்தப் பிளாஸ்டிக் சேரில் பெண்களின் கைப்பைகள் உட்கார்ந்து பார்த்தன.

“எந்த மாடி மதினி அந்தக் கிளாஸு?” என்று ஒச்சாயி காதோடு கேட்டாள்.

பெரியோர்களே, தாய்மார்களே! கண்டவனிடமெல்லாம் தலையை வளைத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பு வளையவில்லையே என்று அழாதீர்கள். முதலில் தலையை நிமிர்த்துங்கள். யோசிப்பதற்கு எந்தக் கயிறும் தேவையில்லை.