மரைக்கு எந்த ர?

"பேரு மாறினா ஆளு மாறிருமா? எனக்கு அத மட்டும் சொல்லுங்க."

"கத்தாத சுதா," என்றான் ஜீவராஜ். "கடையில ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். யாருக்குத் தெரியாத வெசயம்."

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் பொகவந்தலாவைக் கடைவீதியில் பாவாவின் கடைக்குப் பாண் ரொட்டி வாங்க வந்தவர்கள் ஒருவரும் நகரவில்லை. பாவாவும் பருப்பு நிறுப்பதைப் பாதியில் விட்டுவிட்டு, தராசு ஆடி முடியட்டும் என்பது போல நின்றார்.

சுதர்ஷினி தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். ஜீவராஜ் த்ரீவீல் ஓட்டுகிறவன். இரண்டு வருடப் பழக்கம். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். இடையில் நின்றது ஒரு கிரிக்கெட் டீம்.

போன வருடம் யாரோ ஒரு வெளிநாட்டு முதலாளி போட்டிக்கு ஒரு டீமை வாங்கி, 'மலைநாட்டு மரைகள்' என்று பெயர் வைத்திருந்தார். டீமில் மலையில் பிறந்தவன் ஒருவனும் இல்லை. கேப்டனுக்குத் தேயிலைச் செடிக்கும் முட்டைக்கோவாவுக்கும் வித்தியாசம் தெரியுமோ என்னவோ. ஆனால் நம் மலையின் பெயரை ஒருவர் சட்டையில் போட்டுவிட்டாரே என்று ஜீவராஜ் உருகிப்போனான். த்ரீவீலின் முதுகில் டீம் பெயரை எழுதி, கொம்பு வைத்த ஒரு மரைமானையும் தானே வரைந்தான். ஆடு போலத்தான் இருந்தது. யாரும் சொல்லவில்லை.

மரைகள் எல்லா மேட்சிலும் தோற்றன. ஒன்றில் மட்டும் தோற்கவில்லை, அன்று மழை.

அந்த வேதனையில்தான் அவன் ரோதை முனி கோயிலுக்குப் போய் மஞ்சள் துணியில் காசு முடிந்து, பூசாரி சோலைமலை முன்னால் நேர்ந்துகொண்டான்: "மரைகள் கப் எடுக்கிற வரைக்கும் தாடியும் எடுக்க மாட்டேன், தாலியும் கட்ட மாட்டேன்."

தாடி மட்டும்தான் அவன் நினைத்துப் போனது. தாலி மோனைக்காக வந்து விழுந்துவிட்டது.

இந்த வருடம் டீமைக் குளியலறை டைல்ஸ் விற்கிற ஒருவர் வாங்கினார். பெயர் 'டைல்ஸ் கிங்ஸ்'. சட்டை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு. சண்டை அதில்தான்.

"மரைகள்னு ஒரு டீமே இப்ப இல்ல. செத்தவங்க மேல வச்ச நேர்த்தி எப்பிடிச் செல்லும்?" என்றாள் சுதர்ஷினி.

"சாகலையே. அதே டீம்தான். பேரு மட்டும் மாறியிருக்கு."

"அப்ப டைல்ஸ் ஜெயிச்சா போதுமா?"

ஜீவராஜுக்கு அங்கே சந்தேகம் வந்தது. பாவா தொண்டையைக் கனைத்தார். "பூசாரிகிட்டயே கேட்டுட்டா என்ன? நமக்கு ஏன் பொல்லாப்பு."

இந்த யோசனைக்காகப் பாவா பின்னால் பலமுறை வருத்தப்பட்டார்.

சோலைமலை கிரிக்கெட் பார்த்ததே இல்லை. கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். "பேரு தெரியாம சாமி யாருன்னு பாக்கும்? எதுக்கும் புதுப் பேருல இன்னொரு முடிச்சப் போட்டுருங்க."

ஜீவராஜ் போட்டான். ஒரு நேர்த்தி இரண்டாயிற்று.

"போடாம இருந்திருக்கலாமே," என்றாள் சுதர்ஷினி, கோயிலை விட்டு இறங்கும்போது.

"தாயி, நான் ஓட்டுறது என்ன ரோடு? வளைவுக்கு வளைவு முனி நிக்கிது."

"சரி. முனி மன்னிச்சிருச்சுன்னு வைங்க. அப்ப வருவீங்களா?"

ஜீவராஜ் கொஞ்சம் யோசித்தான். "முனி மன்னிக்கும். டீம் மன்னிக்குமா?"

அவள் சிரித்தாள். தண்ணீர்ப் பீலியடியில் குடத்தோடு நின்ற எல்லோரும் அதைச் சிரிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

அந்த வருடம் டைல்ஸ் கிங்ஸ் கடைசி இடம். அதற்கடுத்த வருடம் கடைசிக்கு முந்தின இடம். தாடி நெஞ்சுக்கு வந்தது. த்ரீவீலில் ஏறிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அவனைச் சாமியார் என்று நினைத்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சுதர்ஷினியின் அம்மா வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் "பாப்பம், பாப்பம்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

டீம் வந்த நான்காவது வருடம் டைல்ஸ் கிங்ஸ் கப் எடுத்தது.

பாவா கடையில் டீவிக்கு முன்னால் நின்று ஜீவராஜ் அழுத அழுகையை, அவனுடைய அப்பா செத்தபோதுகூட நாங்கள் பார்க்கவில்லை. சுதர்ஷினியின் அம்மா வடைக்கு உளுந்து ஊறப்போட்டாள். ஜீவராஜ் கோயிலுக்கு ஓடினான். சூலத்தில் நூற்றுக்கணக்கில் முடிச்சுகள் தொங்கும். அதற்குக் கிட்டப் போவது பூசாரியும், கோயில் கூட்டுகிற காளியாயியும் மட்டுமே. சோலைமலை 'டைல்ஸ்' முடிச்சைத் தேடி எடுத்து அவிழ்த்துக் கொடுத்தார்.

ஜீவராஜ் தாடியோடு திரும்பி வந்தான்.

"ஒண்ணுதான் அவுந்திருக்கு," என்றான். "மரை முடிச்சு பாக்கி இருக்கு. இல்லாத டீம் எப்பிடிக் கப் எடுக்கும்?"

சுதர்ஷினி உளுந்தை ஆட்டினாள். வடை வீணாகவில்லை. எங்கள் வீட்டுக்கும் நான்கு வந்தன.

றொசல்லையில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது அப்போதுதான். ரயில்வேயில் கேட் காக்கிற பையன். "தை பொறக்கட்டும்," என்றாள் அம்மா. "அதுக்கு மேல என்னால முடியாது."

பயம் வந்ததும் ஜீவராஜின் மூளை வேலை செய்தது. "மரைகள் கப் எடுக்கணும்னுதானே நேந்தேன். எந்தக் கப்புன்னு சொல்லலையே."

த்ரீவீல் ஸ்டாண்டில் பதினொரு பேரைப் பிடித்து 'மலைநாட்டு மரைகள்' என்று பெயர் வைத்தான். அதில் இரண்டு பேருக்கு முழங்கால் வலி. ஹட்டனில் கப் செய்யக் கொடுத்து, தோட்டத்து மைதானத்தில் சாஃப்ட்போல் கிரிக்கெட் போட்டி வைத்தான். வந்தது ஒரே ஒரு எதிர் டீம். அதிலும் பாதிப் பேர் பஸ் பழுதாகி வழியில் நின்றார்கள். பதினொரு பந்து தேயிலைக்குள் தொலைந்த பிறகு மரைகள் வென்றன. பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளோடு வந்திருந்த சுதர்ஷினி கைதட்டினாள்.

ஜீவராஜ் கப்பைத் தூக்கினான். வாசித்தான். முகம் செத்துப்போனது.

'மலைநாட்டு மறைகள்' என்று வெட்டியிருந்தது.

"வல்லின ற," என்றான். "இது வேற பேரு."

பாவா மெதுவாக, "தம்பி, ஒங்க த்ரீவீலுக்குப் பின்னாலயும் அந்த ற-தான் இருக்கு. நாலு வருசமா," என்றார்.

ஹட்டன் கடைக்காரருக்குத் துண்டில் எழுதிக் கொடுத்ததும் அவன்தான். ஆனால் அதையெல்லாம் கேட்கிற நிலையில் அவன் இல்லை.

சுதர்ஷினி கிட்டே வந்தாள். சத்தம் போடவில்லை. "முனிகிட்ட வாயாலதானே சொன்னீங்க. வாயில எந்த ற வந்துச்சு?"

"எழுத்துன்னு ஒண்ணு இருக்குல்ல, சுதா."

"என் பேர்த் சர்டிபிக்கேட்டுல 'சுதரசனி'ன்னு இருக்கு. எங்கப்பாவுக்கு ஐடென்டி கார்ட்டுல ஒரு பேரு, பென்சன் புக்குல ஒரு பேரு. சரியான எழுத்தோட இந்தத் தோட்டத்துல யாரு கலியாணம் கட்டியிருக்கா?"

"ரெண்டே நாளு. ஹட்டனுக்குப் போயி திருத்திக்கிட்டு வந்துர்றேன்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு ஒரு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "திருத்துங்க," என்றாள்.

பித்தளையில் வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். புதுத் தகடு கண்டியில் இருந்து வர வேண்டும். இரண்டு நாள் மூன்று வாரமாயிற்று. அதற்குள் தை பிறந்தது, றொசல்லைக்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள், அவள் சரி என்றாள்.

சுதர்ஷினி இப்போது றொசல்லையில் இருக்கிறாள். ரயில்வே குவாட்டர்ஸ், முன்னால் கொஞ்சம் லீக்ஸ் பாத்தி. புருஷனுக்குக் கிரிக்கெட் பழக்கம் இல்லை. ரயில் வருகிற நேரம் மட்டும்தான் தெரியும். டைல்ஸ் முதலாளி டீமை விற்றுவிட்டார். புதுப் பெயரைப் பாவா இரண்டு தரம் சொல்லியும் ஜீவராஜ் கேட்டுக்கொள்ளவில்லை.

பங்குனியில் அவன் திருத்திய கப்பைத் தூக்கிக்கொண்டு முனி கோயிலுக்குப் போனான். இனி அவிழ்த்து என்ன ஆகப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை. சோலைமலை சூலத்தடியில் ஒவ்வொரு முடிச்சாகப் புரட்டிப் பார்த்தார். மரை முடிச்சைக் காணவில்லை.

விளக்குமாற்றைத் தரையில் தட்டிக்கொண்டிருந்த காளியாயி நிமிர்ந்தாள்.

"அதையா தேடுறீங்க? நீங்க ரெண்டாவது முடிச்சு போட்ட மறுநாளே அந்தப் புள்ள வந்து, முனிகிட்ட மன்னிப்புக் கேட்டு, என்னைய எடுத்துத் தரச் சொல்லி அவுத்துருச்சே தம்பி. 'அவருகிட்ட சொல்லாதீங்க, அவராவே வர்றாரான்னு பாக்கிறேன்'னு சொன்னுச்சு."