வட்டமாகப் போட்ட கதிரைகள்

வட்டத்துக்குத் தலைமாடு, கால்மாடு கிடையாது என்று நம்புகிறவர்கள் ஒரு நாளைக்கு ஒரு மண்டபம் நிறையக் கதிரைகளை வட்டமாகப் போட்டுவிட்டு, யார் எதில் போய் உட்காருகிறார்கள் என்று வாசலில் நின்று வேடிக்கை பார்க்கவேண்டும். நான் பார்த்தவன். பார்த்ததோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது.

அப்போது நான் கலியாணமாகாத இளந்தாரி. கட்டைபறிச்சானிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்கு ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக வந்திருந்தேன். வந்த கையோடு வாசகர் வட்டம் ஒன்றைத் தொடங்கினேன். வட்டம் என்றவுடன் பெரிதாக நினைக்கவேண்டாம். நான், பக்கத்து அலுவலகத்தில் வேலை செய்த வசந்தி, மூதூரில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர், மழை பெய்யாத நாட்களில் இன்னும் ஏழெட்டுப் பேர். அவ்வளவுதான்.

எங்களிடம் புத்தகங்கள் நிறைய இருந்தன. வைக்க இடம் இருக்கவில்லை. ஊரெல்லாம் கேட்டு வாங்கிய புத்தகங்கள் அரிசிச் சாக்குகளில் கட்டப்பட்டு, நான் வாடகைக்கு இருந்த வீட்டு விறாந்தையில் கிடந்தன. பட்டினத்தில் தெருத்தெருவாகத் திரியும் மான்களில் ஒன்று ஒரு நாள் உள்ளே வந்து, நல்ல சிறுகதைத் தொகுதி ஒன்றின் பின்னட்டையைத் தின்றுவிட்டுப் போனது. (விமர்சகர்கள் கூட அவ்வளவு தூரம் போனதில்லை.) வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, இந்த மாசத்தோட உந்தச் சாக்குகளை எடுங்கோ. எடுக்க ஏலாதெண்டால் நீங்களும் சாக்கோட சேர்ந்து போங்கோ" என்றார்.

அதிபர்தான் ஒரு வழி சொன்னார். கிண்ணியாவைச் சேர்ந்த ஹாஜியார் ஒருவருக்குத் துறைமுகத்தடியில் கடை இருந்தது. வலை, கயிறு, வள்ளத்துக்குப் பூசும் பெயின்ற் எல்லாம் விற்கும் கடை. அதன் மேல்மாடி சும்மா கிடந்தது. "அவர் என்ர பழைய சிநேகிதர். கூட்டம் ஒண்டு வையுங்கோ, வந்து பார்க்கட்டும். உங்கட ஆக்களைப் பிடிச்சுப்போட்டுதெண்டால் மேல்மாடியை வாசிகசாலைக்குத் தருவார். பிடிக்காட்டி நான் கேட்டும் பிரயோசனமில்லை" என்றார் அதிபர். நான் ஹாஜியாருடன் தொலைபேசியில் மட்டும் கதைத்தேன். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். அந்தக் குரலுக்கு ஏற்ற மாதிரி ஒரு வெள்ளை உடுப்பையும் ஒரு பெரிய காரையும் நானே மனதில் செய்து வைத்துக்கொண்டேன்.

கூட்டத்தின் தலைப்பு 'இலக்கியத்தில் வர்க்கப் பிரிவினை'. கட்டுரை வாசிப்பது, வேறு யார், நான்தான். உண்மையைச் சொன்னால் அந்த விஷயம் அப்போது என்னைப் பிடித்து ஆட்டியது. எந்தக் கதையைப் படித்தாலும் கையில் பென்சில் இருக்கும். எழுத்தாளர் 'இவன் ஏழை, அவன் பணக்காரன்' என்று சொல்லாமலே எங்களுக்கு எப்படி விளங்குகிறது? அதைத் துருவித் துருவிப் பார்த்தேன். சில கதைகளில் கோப்பை காட்டிக்கொடுத்தது. சிலவற்றில் பெயர்: முதலாளிக்கு முழுப்பெயர் இருக்கும், மூட்டை தூக்குகிறவன் கடைசிவரை 'மூட்டை தூக்குகிறவன்'தான். ஆனால் பெரும்பாலான கதைகளில் கதிரைதான் காட்டிக்கொடுத்தது. ஒருவர் கதிரையில் இருப்பார், ஒருவர் பாயில் இருப்பார், ஒருவர் வாசலில் நிற்பார். முடிந்தது, வேறு விளக்கம் தேவையில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதனால் கூட்டத்துக்குக் கதிரைகளை வட்டமாகப் போடுவது என்று முடிவெடுத்தேன். முன்வரிசையும் இல்லை, பின்வரிசையும் இல்லை. வெள்ளைத் துணி போர்த்த பிரமுகர் கதிரையும் இல்லை.

"சனம் எங்க இருக்கிறதெண்டு தெரியாமல் முழிக்குமே" என்றாள் வசந்தி.

"அதுதான் வேணும். தெரியக்கூடாது."

"மண்டபத்தில ஒரு ஃபான்தான் வேலை செய்யுது, தெரியுமோ?"

"ஃபானுக்கும் வர்க்கத்துக்கும் என்ன சம்பந்தம் வசந்தி?"

(இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு நான் வாழ்க்கையில் யாரிடமும் கேட்டதில்லை.)

அன்று பின்னேரம் மண்டபத்து வாசலில் லொறி கதிரைகளை இறக்கிவிட்டுப் போனது. தூக்கிப் போட ஆளில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் கேற்றடியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட சாரம், கை மடித்த சேட், சேட்டில் நீலப் பெயின்ற் பொட்டுகள். நடுவயது தாண்டியவர், ஆனால் திடகாத்திரம். அவர்தான் ஹாஜியார் என்பது உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

"அண்ணை, ஒருக்கா வாங்கோ! இந்தக் கதிரையளை உள்ளுக்குக் கொண்டுபோக ஒரு கை தாங்கோ" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார், கதிரைகளை ஒருமுறை பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். நான் ஒன்றொன்றாகத் தூக்க, அவர் அடுக்கடுக்காகத் தூக்கினார். "ஏன் மகன் வட்டமா போடுற? கலியாணமா?" என்று கேட்டார். கூட்டத்தின் நோக்கத்தை விளக்கினேன். வர்க்கம் என்றால் என்ன என்றும் விளக்கினேன். அவர் மிகவும் கவனமாகக் கேட்டார். குரல் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது, ஆனால் சாரத்தைப் பார்த்த எனக்குப் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

சனம் வரத் தொடங்கியது. அப்போதுதான் வட்டத்தின் வண்டவாளம் தெரிந்தது. வங்கி முகாமையாளர் வந்தார், மேலே பார்த்தார், ஃபானுக்குக் கீழே போய் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் டாக்குத்தர். சம்பூர் வயல்களிலிருந்து பஸ் ஏறி வந்த கமக்காரர் இருவரும் இலங்கைத்துறை மீன்பிடிச் சங்கத்து ஆட்களும், யாரும் சொல்லாமலே, செருப்பு கழற்றிய இடத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கினார்கள். முன்வரிசையே இல்லாத இடத்தில் சனம் தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது! எனக்கு ஒரு பக்கம் ஆச்சரியம் தாங்கவில்லை. மறுபக்கம் பயம் பிடித்தது, ஏனென்றால் ஃபானுக்குக் கீழே இன்னும் ஒரேயொரு கதிரைதான் மிச்சம். ஹாஜியார் வந்து வாசலடியில் வியர்த்துக்கொண்டு இருந்தால் மேல்மாடி என்ன ஆவது? என் கொள்கை அந்த இடத்திலேயே செத்தது.

ஓடிப்போய்ச் சாரக்காரரின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "அண்ணை, நீங்கள் இந்தக் கதிரையில இருங்கோ. வேற ஒருத்தரையும் இருக்க விடாதேங்கோ. பெரிய ஆள் ஒருத்தர் வாறார். அவர் வந்தவுடன எழும்பிவிடுங்கோ, என்ன?"

"யாரு மகன் அந்தப் பெரிய ஆள்?"

"ஒரு ஹாஜியார். கடைக்கார முதலாளி."

"எப்படி, நல்ல ஆளா?"

"நல்லவர்தானாம். ஆனால் காசுக்காரரைத் தெரியும்தானே அண்ணை, அவையளுக்குக் காத்து வராட்டி இலக்கியம் விளங்காது."

அவர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். பாட்டாளியோடு சிரிக்கிறோம் என்ற பூரிப்பு எனக்கு. பிறகு தேநீர் வந்தது. எல்லோருக்கும் கடதாசிக் கோப்பை. வசந்தி தன் வீட்டு அலுமாரியிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட பீங்கான் கோப்பை மட்டும் மேசையில் தனியாக மூடி இருந்தது. அவர் அதைக் காட்டி, "அது யாருக்கு?" என்றார். "அதுவும் ஹாஜியாருக்குத்தான்" என்றேன், வெட்கமில்லாமல்.

அதிபர் வந்து தலைமை தாங்கவேண்டும். அவர் வரவில்லை, மூதூரிலிருந்து வந்த பஸ் கிண்ணியாவில் பழுதாகி நின்றது பிறகுதான் தெரிந்தது. ஹாஜியாரும் வரவில்லை. சனம் நெளியத் தொடங்கியதால் வசந்தி என்னைப் பேச அழைத்தாள். நான் ஒரு கண்ணைக் கட்டுரையிலும் மறு கண்ணை வாசலிலும் வைத்துக்கொண்டு வாசித்தேன். கோப்பையைப் பற்றிச் சொன்னேன். பெயரைப் பற்றிச் சொன்னேன். வாசல் வெறுமையாகவே இருந்தது. மேல்மாடி கைநழுவுகிறது என்ற ஆத்திரம் மெல்ல மெல்லத் தலைக்கு ஏறியது. கட்டுரையில் இல்லாத ஒன்றைச் சொன்னேன்:

"வர்க்கத்தின் முதல் அடையாளம் என்ன தெரியுமா? மற்றவர்களைக் காத்திருக்க வைப்பது! எங்கள் இலக்கியத்தில் முதலாளி எப்போதும் பிந்தித்தான் வருவார். இன்றைக்கும் ஒருவருக்காக ஒரு கதிரை காத்திருக்கிறது, ஒரு கோப்பை காத்திருக்கிறது. அவரைக் காணவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்!"

வாசலடியிலிருந்து கைதட்டல் வந்தது. ஃபானுக்குக் கீழேயிருந்தும் ஒருவர் பலமாகக் கைதட்டினார். அது சாரக்காரர்.

அந்தக் கைதட்டலுக்குள்தான் அதிபர் மூச்சு வாங்க வாங்க உள்ளே வந்தார். "மன்னிக்கோணும், பஸ் பழுதாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டு வந்தவர், நேரே ஃபானுக்குக் கீழே பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினார். "அட, ஹாஜியார்! எப்ப வந்தனீங்கள்?"

ஃபானுக்குக் கீழே வேறு யாராவது ஹாஜியார் இருக்கிறாரா என்று நான் தேடினேன்.

ஹாஜியார் ஆறுதலாகச் சொன்னார்: "நான் அப்பவே வந்துட்டன் மாஸ்டர். கதிரையெல்லாம் தூக்கிப் போட்டன். இந்த மகன் என்னை இதுல இரிக்கச் சொன்னாரு, பெரிய ஆள் வந்தா எழும்பணும் எண்டாரு. நானும் வாசலப் பாத்துக்கிட்டே இரிக்கிறன். இன்னும் ஒருத்தரும் வரல்ல."

சிரிப்பு வாசலடியில்தான் முதலில் வெடித்தது. கமக்காரர்களில் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கதிரையோடு சரிந்தார். வங்கி முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நான் கட்டுரைத் தாள்களால் முகத்தை மூடிக்கொண்டேன். சாக்குகளில் கிடக்கும் அத்தனை புத்தகங்களும் தெருவில், மான்களுக்கு நடுவில் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. உண்மையிலேயே அழுகை வந்தது. வெட்கத்துக்காக அல்ல, அந்தப் புத்தகங்களுக்காக.

கிட்டப் போய், "ஹாஜியார், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான் தெரியாமல்..." என்றேன்.

"என்ன மகன் அழுற? கட்டுரை நல்லாத்தானே இரிந்திச்சி. இப்படிச் சிரிச்சுக் கனகாலம்" என்றார். "மேல்மாடிய எடுத்துக்க. ஆனா ஒண்டு. ஒரு கதிரையும் மேல ஏறக்கூடாது. கதிரையக் கண்டா உனக்குப் புத்தி ஒரு மாதிரி ஆகிடுது. பாய் நான் வாங்கித் தாறன்."

எழுந்த அழுகை பாதியில் நின்றது. அவருக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர் கொடுக்க வசந்தி ஓடினாள். "வாணாம் மகள், குடிச்சாச்சி. அத அவருக்குக் குடுங்க, அவருக்குத்தான் தேவை" என்று என்னைக் காட்டினார். நான் குடித்தேன்.

இப்படித்தான் துறைமுகத்தடியில், கயிற்று வாசமும் பெயின்ற் வாசமும் சேர்ந்து வரும் மேல்மாடியில், எங்கள் வாசிகசாலை உருவானது. ஊர் அதற்கு 'கதிரையில்லா வாசிகசாலை' என்று பெயர் வைத்தது. யார் வந்தாலும் பாய்தான். பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்து, சப்பாணி கட்டி இருந்து, எழும்ப ஏலாமல் மீன்பிடிச் சங்கத்து ஆட்கள் இருவரிடம் கைகொடுக்கச் சொல்லிக் கேட்டார். எழுந்தபின் மூவரும் வெகுநேரம் கதைத்துக்கொண்டு நின்றார்கள். கதிரை இருந்திருந்தால் அது நடந்திருக்குமா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

வசந்தி என்னைக் கட்டிக்கொண்டது வேறு கதை. கதிரை விஷயம் தெரிந்தும் கட்டினாள் என்பதால் அவளுடைய துணிவை நான் மெச்சுகிறேன்.

கஷ்டம் என்னவென்றால், இத்தனை வருஷம் தரையில் இருந்து எழும்பி எனக்கு முழங்கால் போய்விட்டது. தரையில் இருக்கவே கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். போன மாதம் ஹாஜியாரிடம் போய், வெட்கத்தை விட்டு, ஒரேயொரு கதிரைக்கு அனுமதி கேட்டேன்.

"ஒண்டுதானே, போடலாம் மகன்" என்றார். "ஆனா ஒண்டு போட்டா, அதுல யாரு இரிக்கிறண்டு வாறவங்க கேப்பாங்க. நீ படிச்ச ஆள். யோசிச்சிச் சொல்லு."

யோசித்தேன். படித்தவருக்கா? அது வர்க்கம். பொறுப்பாளருக்கா? அது அதிகாரம். முதலில் வந்தவருக்கா? அப்படியென்றால் எனக்குக் கிடைக்காது. ஒரு கிழமை கழித்து, யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு விதியோடு ஓடினேன்.

"ஹாஜியார், பிடிச்சிட்டன்! வயசிலயும் முழங்கால் நோவிலயும் ஆர் கூடவோ, அவருக்கு!"

"சரியான முடிவு மகன்" என்று தோளில் தட்டினார். "அப்ப அது எனக்கு."

கதிரை வந்துவிட்டது. அதில் அவர் இருந்து பத்திரிகை படிக்கிறார். கீழே பாயில் நான். "அப்பாவுக்கு என்ன வருத்தம்?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், நோவெண்ணெய்ப் போத்தலைத் தேடியபடி என் மகள் சொல்கிறாள்: "வர்க்கம். முழங்காலில இறங்கிட்டுது."