அம்மனுக்குப் பன்னிரண்டு சொற்கள்

"அம்மனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நம்ம ரகசியச் சொல்லை ஏம்மா எழுதிக் குடுக்கணும்?" என்று ஒருநாள் கேட்டாள் ஏழு வயதுத் தர்ஷனா.

"சும்மா இரு" என்றாள் தாய் கிருஷாந்தி.

கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில், 'காயின் சாமி' என்று ஊர் அழைக்கும் பூசாரியின் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நிற்க இடமிருக்காது. போன வருடம் வரை லொத்தர்ச் சீட்டுக்கு இலக்கம் சொன்னவர். உலகம் முன்னேறியதும் கூடவே முன்னேறிவிட்டார். போனில் கிரிப்டோ காசு வைத்திருப்பவர்கள், அதைத் திறக்கும் பன்னிரண்டு ரகசியச் சொற்களைச் சிவப்புப் பட்டு விரித்த பலகையில் தாள் வைத்து எழுத வேண்டும். பிறகு தங்கள் கையாலேயே கற்பூரத்தில் எரித்துவிடலாம். அம்மன் மட்டும் வாசிப்பாளாம். காசு இரட்டிக்குமாம். சிலருக்குக் காசே காணாமற்போனது. அது தோஷம். தோஷத்துக்குத் தனிப் பூசை, தனிக் கட்டணம்.

கிருஷாந்தியின் கணவர் கத்தாரிலிருந்து அனுப்பிய சேமிப்பு முழுவதும் அப்படித்தான் போனில் இருந்தது. குண்டசாலையில் கூரையில்லாமல் நின்ற வீடு அதையே நம்பியிருந்தது. அந்தச் சனிக்கிழமை தன் சொற்களை எழுத வந்த அவளோடு வரிசையில் நின்றாள் ஷஹ்மா. பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்து கணிதம் படிப்பவள்.

"மொதல்ல நான் எழுதுறேன் அக்கா. காலையிலதான் புதுக் கணக்குத் தொறந்து ஐந்நூறு ரூபா காயின் போட்டேன்."

எழுதினாள். எரித்தாள். சாமி விபூதி தந்து, பலகையைப் பூசைக்கென்று உள்ளே எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். இருவரும் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்து முடிக்குமுன் ஷஹ்மாவின் போன் சிணுங்கியது. ஐந்நூறையும் காணோம்.

"சாமி, என்ட காசு போயிட்டே!"

"நம்பிக்கை குறைஞ்சா அம்மன் எடுத்துக்குவா, மகளே."

"அப்ப கையொப்பம் போட்டதும் அம்மனா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஷஹ்மா விடவில்லை.

"இந்தக் காசு நகரப் போனுக்குள்ள ஒரு கணக்குக் கையொப்பம் விழணும். ஒரு வளைகோட்டுல ஒரு புள்ளியில இருந்து தாவித் தாவிப் போறேன்னு வைங்க. நான் போய் நின்ன எடத்தை ஊரே பாக்கலாம். எத்தனை தாவல்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். பின்னோக்கி எண்ண இன்னிக்கு எந்தக் கம்ப்யூட்டராலயும் ஏலாது. அந்த எண்ணிக்கை இல்லாமக் கையொப்பம் விழாது. அதை எடுக்கிறது பன்னிரண்டு சொல்லுல இருந்து. அந்தச் சொல்லை நான் இங்க மட்டுந்தான் எழுதினேன்."

"வாயை மூடு! அம்மன் கோபிப்பா!" என்றார் சாமி.

"ஐந்நூறு ரூபாவுக்கா? அவ்வளவு கஷ்டமா அம்மாவுக்கு?" என்றார் பின்னாலிருந்த ஒருவர். மண்டபமே சிரித்தது.

கிருஷாந்தி சிரிக்கவில்லை. நேரே போய்ப் பலகையின் பட்டுத் துணியை உருவினாள். அடியில் கார்பன் தாள். அதற்கும் அடியில், நீல எழுத்தில், ஷஹ்மாவின் பன்னிரண்டு சொற்கள்.

சாமி பின்கதவால் ஓடினார். ஆட்டோக்காரர்கள் மறித்துக்கொண்டார்கள். அன்று தோஷம் அவருக்கு.

அம்மனைக் கும்பிடுங்கள், இதைச் சொல்லும் நானும் கும்பிடுகிறேன். அவள் தந்த மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றி வைக்காதீர்கள்.

அன்று மாலை ஷஹ்மா தொழுகைக்குக் கைகால் கழுவப் போயிருந்தாள். கிருஷாந்தி மெல்ல அவள் அறைக்குள் போய், கணிதப் புத்தகத்துக்குள் ஓர் ஐந்நூறு ரூபா நோட்டைச் செருகினாள். யார் வைத்தது என்று ஓர் எழுத்தும் எழுதவில்லை.