இரண்டில் ஒன்றைத் தொடு

குழந்தைக்கு முழுச் சுதந்திரம் வழங்கிய முதல் வீடு உலகத்திலேயே இரும்புலியூரில்தான் இருக்கிறது என்றால் நம்புவதற்குச் சிலர் தயங்கலாம். அது என் வீடு என்பதால் நான் தயங்கவில்லை.

இந்தப் பெருமை எட்மண்ட் சாரைச் சேரும். அவர் ஒரு 'குழந்தை வளர்ப்பு ஆலோசகர்'. சொந்தமாகக் குழந்தை இல்லாததால் விஷயத்தைப் பாரபட்சமில்லாமல் அணுகக்கூடியவர். எங்கள் சர்ச் ஹாலில் அவர் நடத்திய கருத்தரங்கில், பிள்ளைகளுக்கு உத்தரவு போடுவது காட்டுமிராண்டித்தனம் என்றார். மொத்த ஹாலும் வெட்கத்தில் தலைகுனிந்தது.

"ஆர்டர் போடாதீங்க. சாய்ஸ் குடுங்க. ஆனா ரெண்டே ரெண்டு. ரெண்டுமே உங்களுக்கு ஓகேவா இருக்கணும்."

"புள்ள மூணாவதா ஒண்ணு கேட்டா, சார்?" என்று என் பக்கத்து வீட்டு ஏகநாதன் எழுந்து நின்று கேட்டார்.

"காதுல விழாத மாதிரி சிரிங்க" என்றார் எட்மண்ட் சார். எப்படி என்று சிரித்தும் காட்டினார்.

அந்தச் சிரிப்பைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டேன். மறுநாள் காலை எங்கள் வீட்டில் குடியாட்சி மலர்ந்தது.

என் மகள் ஹெப்சிக்கு ஒன்பது வயது. "ஹெப்சி, கணக்கை முதல்ல முடிக்கிறியா, இந்தியை முதல்ல முடிக்கிறியா?" "பாகற்காயைச் சாதத்தோட சாப்பிடறியா, தனியா சாப்பிடறியா?" "கீபோர்டு கிளாஸுக்கு நடந்து வர்றியா, ஸ்கூட்டர்ல வர்றியா?" எல்லாவற்றையும் அவளே முடிவு செய்தாள். 'செய்' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் என் நாக்கு அழுகிப்போகட்டும்.

ஏகநாதனும் திருந்திவிட்டார். "அடி வலது கையில வேணுமா, இடது கையில வேணுமா?" என்று மகனிடம் அவர் கனிவோடு விசாரிப்பது காம்பவுண்டு தாண்டிக் கேட்கிறது. முன்பெல்லாம் கேட்காமலே அடித்துக்கொண்டிருந்தவர்.

என் மனைவி புஷ்பத்துக்குத்தான் இதன் அருமை புரியவில்லை. அவள் பள்ளிக்கூட டீச்சர். நவீனக் கல்வி முறைகள் அவளுக்கு எப்படித் தெரியும்?

"ரெண்டு பக்கமும் சுவத்தை எழுப்பிட்டு, எந்தச் சுவத்துல முட்டிக்கிறேன்னு பிள்ளையைக் கேக்கறீங்க" என்றாள்.

நான் எட்மண்ட் சாரின் சிரிப்பைச் சிரித்தேன்.

வீட்டு வேலையில்தான் இந்த முறையின் மகிமை முழுதாக வெளிப்பட்டது. எங்கள் மொட்டை மாடியில் வெயிலுக்கு வெள்ளை டைல்ஸ் போட்டிருக்கிறோம். "மாடியைப் பெருக்கறியா, மாப் போடறியா?" என்றால் ஹெப்சி கொஞ்சமும் யோசிக்காமல் மாப்பை எடுத்துக்கொண்டு ஓடுவாள். இருட்டும்வரை இறங்கி வரமாட்டாள். டைல்ஸில் அழுக்கு என்னவோ அப்படியேதான் இருந்தது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஈடுபாடல்லவா முக்கியம்? எட்மண்ட் சாரிடம் சொன்னபோது எங்களை 'மாதிரிக் குடும்பம்' என்று அறிவிப்பதாக வாக்களித்தார்.

இந்த நல்ல நேரத்தில்தான் தயாளன் வந்து சேர்ந்தார். தெருக்கோடியில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். எங்கள் தெருவே ஒரு காலத்தில் அவர் அப்பாவின் வயல். சாயங்காலங்களில் கடைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுப்பார். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அந்த மனை நன்றாகத் தெரியும்.

"சார், உங்க பொண்ணு மாடில மாப்புக் குச்சியச் சுத்திகினு கீதே, நானும் பாத்துகினுதான் கீறேன். நம்ம பசங்களப் பாத்தே கத்துகினுச்சு சார்! மாவட்டப் போட்டிக்கு இன்னிக்குள்ள பேர் குடுக்கணும். பொண்ணுங்க டீமுல ஒரு ஆளு கம்மியா கீது. நாளைக்கு சனிக்கிழமை காலைல பிராக்டீஸ். அனுப்புறீங்களா?"

சனிக்கிழமை காலை என்பது கீபோர்டு கிளாஸ். கிறிஸ்துமஸ் ஆராதனையில் என் மகள்தான் வாசிப்பாள் என்று பாஸ்டர் உட்பட எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஹெப்சி கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்த முகத்திலிருந்த ஆசையைப் பார்க்க எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"எங்க வீட்ல குழந்தைதான் முடிவெடுப்பா" என்று தயாளனிடம் சொல்லிவிட்டு மகளிடம் திரும்பினேன். "ஹெப்சி, நாளைக்குக் கீபோர்டு கிளாஸுக்கு ஏழு மணிக்குப் போறியா, எட்டு மணிக்குப் போறியா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "எட்டு" என்றாள்.

"பார்த்தீங்களா? அவளே சொல்லிட்டா."

"இன்னா சார், ஒரே பேஜாரா கீது" என்ற தயாளன், வாசற்படியில் குந்தி உட்கார்ந்து அவளை அருகில் அழைத்தார். "பாப்பா, அத்த வுடு. உனுக்கு இன்னா வேணும்?"

ஹெப்சி விழித்தாள். "ரெண்டு சாய்ஸ் என்னென்ன, அங்கிள்?"

"சாய்ஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மனசுல இன்னா கீதோ அத்தச் சொல்லு."

அழுதுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். "கம்பு" என்றாள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே கேட்கும் குரலில். யாரும் திட்டவில்லை என்று தெரிந்ததும் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்: "எனக்குக் கம்பு சுத்தணும்! கீபோர்டு வேணாம்! பாகற்காயும் வேணாம்!"

நான் எட்மண்ட் சாரின் சிரிப்பைச் சிரித்துப் பார்த்தேன். வாய் ஒத்துழைக்கவில்லை. அதற்குள் புஷ்பம் முந்திக்கொண்டாள்.

"பேரை எழுதிக்கோங்கண்ணா. ஹெப்சி தனசிங்."

தயாளனை நான் மன்னிப்பதாக இல்லை. ஊரான் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டுக் குழந்தையிடமே 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்க அந்த மனுஷனுக்கு எவ்வளவு துணிச்சல்! பெற்ற தகப்பன், நானே இன்றுவரை அவளிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.